பூச்சுக்குப் பின்னால் ஒரு மனிதர் – ஜான் நாஷ்

(மூன்றாமாண்டு சிவில் மாணவன்)



ஆண்டு மலர் என்றாலே கவிதை, ஜோக்கு, விடுகதை, அதற்கப்புறம் தலைவர்கள் வரலாறு என்றுதான் பக்கங்கள் நிறையும். நானும் ஒரு வரலாறுதான் எழுதுகிறேன். ஆனால் இவர் தலைவரும் அல்ல, விஞ்ஞானியும் அல்ல. செங்கல் சுவருக்குப் பூச்சுப் பூசியே ஒரு தலைநகரத்தின் முகத்தை மாற்றிக் காட்டியவர். மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் நண்பர்கள் இது சிவில்காரன் சமாச்சாரம் என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். கடனில் மூழ்கியது, ஊரை விட்டுப் போனது, மறுபடி எழுந்து நின்றது, கடைசியில் வேலை பறிபோனது எல்லாம் இந்தக் கதையில் உண்டு. அது எல்லா பிராஞ்சுக்கும் பொதுதானே!

அவர் பெயர் ஜான் நாஷ். இங்கிலாந்துக்காரர்.

மில் தச்சர் மகன்

1752ஆம் ஆண்டு நாஷ் பிறந்தார். லண்டனில் தேம்ஸ் நதிக்குத் தென்கரையில் உள்ள லாம்பெத் பகுதியில் பிறந்திருக்கலாம் என்று சொல்கிறார்கள். அப்பா, மாவு மில்களுக்குச் சக்கரமும் இயந்திரமும் செய்து பொருத்தும் தச்சர். பெரிய இடத்துப் பிள்ளை இல்லை. ஆள் குள்ளம், சப்பை மூக்கு. தன் தோற்றத்தைத் தானே கேலி செய்து எழுதியவர் அவர்.

பதினான்கு, பதினைந்து வயசிலேயே சர் ராபர்ட் டெய்லர் என்ற கட்டடக் கலைஞரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் பாலிடெக்னிக்கும் கிடையாது, டிப்ளமோவும் கிடையாது. ஒரு பெரியவரின் ஆபீசில் வருடக் கணக்கில் படம் வரைந்து, கணக்கு எழுதி, சைட்டுக்கு ஓடி ஓடித்தான் தொழில் படிக்க வேண்டும். நாஷும் அப்படித்தான் படித்தார்.

முதல் முயற்சி – முதல் அடி

தொழில் கற்று வெளியே வந்ததும் நாஷுக்குப் பொறுமை இல்லை. உறவினர் ஒருவர் அவருக்கு ஆயிரம் பவுன் விட்டுச் சென்றிருந்தார். அதைப் போட்டு, கடனும் வாங்கி, லண்டனில் கிரேட் ரஸ்ஸல் தெருவிலும் ப்ளூம்ஸ்பரி சதுக்கத்திலும் 1777–78 வாக்கில் சொந்தமாக வீடுகள் கட்டினார். வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கலாம் என்று திட்டம்.

அந்த வீடுகளில்தான் தன் பிற்கால அடையாளத்தை முதலில் காட்டினார். செங்கல்லை அப்படியே விடாமல் மேலே ஸ்டக்கோ என்கிற வெளிப்பூச்சுப் பூசி, பார்க்கிறவர்களுக்குக் கல் கட்டடம் போலத் தோன்றச் செய்தார். நல்ல கட்டடக்கல் லண்டனில் கிடைக்காது. பாத் என்ற ஊரிலிருந்தோ, போர்ட்லாந்து கடற்கரையிலிருந்தோ கொண்டு வர வேண்டும். விலை தாங்காது. செங்கல்லோ மலிவு. செங்கல் விலையில் கல் மாளிகை என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் ஆசைப்பட்டது நாஷ் மட்டும்தான். வீடுகள் காலியாகவே கிடந்தன. வட்டி ஏறியது. 1783 செப்டம்பரில் அவர் திவாலானதாக அறிவிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயசு 31. முதல் திருமணமும் முறிந்தது. லண்டனில் முகம் காட்ட முடியாமல், அம்மா அப்பா வழி உறவுகள் இருந்த வேல்ஸ் நாட்டுப் பக்கம் போய்ச் சேர்ந்தார்.

இங்கே ஒன்று கவனியுங்கள். அந்தக் கிரேட் ரஸ்ஸல் தெரு வீடுகள் இன்னும் நிற்கின்றன! கட்டடம் தோற்கவில்லை. கணக்குத்தான் தோற்றது. எஸ்டிமேஷன் பேப்பரைச் சும்மா பாஸ் மார்க்குக்காகப் படிக்கிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

ஜெயில் கட்டி எழுந்தவர்

வேல்ஸில் கார்மார்த்தன் என்ற சிற்றூரில் நாஷ் மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கினார். 1785இல் அந்த ஊர் சர்ச்சின் கூரை வேலை கிடைத்தது. பிறகு 1789இல் கார்மார்த்தன் ஜெயில் கட்டும் வேலை. அதைப் பார்த்து கார்டிகன் ஜெயில், ஹியர்ஃபோர்டு ஜெயில் என்று அடுத்தடுத்து வந்தன. கடனாளியாக ஓடி வந்தவர் மூன்று ஜெயில் கட்டினார் என்பது வேடிக்கைதான்!

எல்லாமே சரியாக நடந்துவிடவில்லை. டீம் என்ற ஆற்றின் மேல் ஸ்டான்ஃபோர்டில் இரும்புப் பாலம் ஒன்று கட்டினார். 1795இல் அது இடிந்து விழுந்தது. மனிதர் துவண்டு போகவில்லை. 1797க்குள் அதே இடத்தில் வேறு இரும்புப் பாலம் எழுந்தது. வார்ப்பிரும்பு அப்போதுதான் கட்டட வேலைக்கு வர ஆரம்பித்திருந்த புதுச் சரக்கு. புதுச் சரக்கைக் கண்டால் நாஷுக்குக் கை சும்மா இருக்காது. அவருடைய பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

1796–97 வாக்கில் லண்டனுக்குத் திரும்பினார். ஹம்ஃப்ரி ரெப்டன் என்ற தோட்டக்கலை நிபுணருடன் கூட்டுச் சேர்ந்து பணக்காரர்களுக்கு கிராமத்து மாளிகைகள் கட்டினார். 1800இல் அந்தக் கூட்டு பிரிந்தது. 1798இல் மேரி ஆன் பிராட்லி என்பவரை மறுமணம் செய்துகொண்டார். வைட் தீவில் தனக்கென்று ஒரு கோட்டை வீடும் கட்டத் தொடங்கினார்.

சிமெண்டுக்கு முன் வந்த சிமெண்ட்

நாஷ் திரும்பி வந்த அதே சமயத்தில் ஒரு புதுப் பொருளும் சந்தைக்கு வந்தது. 1796இல் ஜேம்ஸ் பார்க்கர் என்ற பாதிரியார் அதற்குப் பேட்டண்ட் வாங்கினார். தேம்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஷெப்பி தீவுக் கரையில் களிமண் கலந்த சுண்ணாம்புக்கல் உருண்டைகள் கிடக்கும். அவற்றைச் சூளையில் சுட்டு மாவாக அரைத்தால் பழுப்பு நிறத்தில் ஒரு சிமெண்ட் கிடைக்கும். தண்ணீர் பட்டதும் சில நிமிடங்களிலேயே இறுகிவிடும். ஈரத்திலும் கெட்டிப்படும். இதற்கு ரோமன் சிமெண்ட் என்று பெயர் வைத்தார்கள். ரோமாபுரிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வியாபாரத்துக்கு வைத்த பெயர். நாம் புத்தகத்தில் படிக்கிற போர்ட்லாந்து சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் பேட்டண்ட் வாங்கியது 1824இல்தான்.

சுண்ணாம்புப் பூச்சு இறுக நாள் கணக்கில் ஆகும். இதுவோ நிமிஷக் கணக்கு. அதனால் கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட வேண்டும், கை வேகம் வேண்டும். பூசி முடித்த பிறகு கல் அடுக்கின மாதிரி கோடு கீறி, பாத் கல்லின் இளமஞ்சள் நிறம் அடிப்பார்கள். நாஷ் கட்டிய தெருக்கள் எல்லாம் இந்தப் பூச்சால் ஆனவைதான்.

எங்கள் அப்பா கொத்தனார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். லீவு நாட்களில் அவர் கூடப் போய் மணல் சலித்து, கலவை போட்டுக் கொடுத்திருக்கிறேன். சுவரைத் தூக்குக்குண்டு விட்டுப் பார்க்காமல், தண்ணீர் அடித்து நனைக்காமல் அவர் கரண்டியைக் கையில் எடுக்க மாட்டார். பூச்சு என்பது சுவரின் குறையை மறைக்கிற துணி இல்லை, சுவரோடு சேர்ந்து உழைக்கிற தோல் என்பது அவர் கட்சி. நாஷின் வாழ்க்கையைப் படித்தபோது எனக்கு அடிக்கடி இதுதான் ஞாபகம் வந்தது.

59 வயசில் கிடைத்த வாய்ப்பு

1811. லண்டனுக்கு வடக்கே மேரிலபோன் பார்க் என்ற அரசுக்குச் சொந்தமான பெரிய நிலத்தின் குத்தகை முடிந்து, நிலம் திரும்பி வந்தது. அதே வருடம் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மனநோயால் பாதிக்கப்பட, மகன் ஜார்ஜ் இளவரசப் பிரதிநிதியாகப் பொறுப்பேற்றார். ஆடம்பரத்தில் அளவில்லாத ஆசை உள்ளவர். நாஷ் ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தார். பார்க்கைச் சுற்றி அரண்மனை போன்ற வரிசை வீடுகள், நடுவே ஏரி, மரங்கள், அங்கிருந்து இளவரசரின் கார்ல்டன் மாளிகை வரை ஒரு ராஜபாட்டை. அதுதான் பின்னாளில் ரீஜண்ட்ஸ் பார்க், ரீஜண்ட் தெரு. தெருவுக்கான சட்டம் 1813இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

வயசு கிட்டத்தட்ட 59. நம்ம ஊரில் ஓய்வூதிய பேப்பர் தயார் செய்கிற வயசு. நாஷின் பெரிய வேலைகள் எல்லாம் அதற்குப் பிறகு நடந்தவைதான்!

சர்க்கார் நிலத்தைத்தான் கொடுத்தது. கட்டடத்துக்குப் பணம் கொடுக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு பகுதியையும் காண்டிராக்டர்களுக்குக் குத்தகைக்கு விட்டு, முகப்பு மட்டும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நாஷ் படம் கொடுப்பார். முதலில் தொடங்கிய பார்க் கிரசண்ட்டில் சில வீடுகள் எழும்பியவுடனேயே காண்டிராக்டர் திவால். பிரான்சோடு போர் நடந்த காலம், பணப்புழக்கம் இல்லை. வேலை வருடக் கணக்கில் நின்றது.

ரீஜண்ட் தெருவில் குவாட்ரண்ட் என்று கால்வட்டமாக வளையும் பகுதி ஒன்று உண்டு. அதை எடுத்துக் கட்ட யாரும் முன்வரவில்லை. நாஷே தன் பணத்தைப் போட்டார். கொத்தனார், தச்சர், கண்ணாடி வேலை செய்கிறவர் எல்லோரையும் கூட்டி, கூலிக்குப் பதிலாக வீட்டின் குத்தகை உரிமையைப் பங்கு பிரித்துக் கொடுத்தார். முன்பு எந்த விளையாட்டில் திவாலானாரோ அதே விளையாட்டை இந்த முறை தொழிலாளிகளையும் பங்காளியாக்கி ஆடினார். ஜெயித்தார். இதைப் படித்தபோது எனக்கு அவர் மேல் மதிப்பு கூடியது.

ஆனால் முழுதாக மதிக்கவும் முடியவில்லை. ரீஜண்ட் தெருவை எந்த வழியாகக் கொண்டு போவது என்று அவர் எழுதிய அறிக்கையில், மேற்கே பிரபுக்கள் வாழும் அகலத் தெருக்களையும், கிழக்கே மெக்கானிக்குகளும் சிறு வியாபாரிகளும் வாழும் குறுகலான சந்துகளையும் பிரிக்கிற எல்லைக்கோடாக இந்தத் தெரு இருக்கும் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். ஒரு மில் தச்சரின் மகன் எழுதியது இது! தன் அப்பா எந்தப் பக்கத்தில் குடியிருந்திருப்பார் என்று அவர் யோசித்தாரா? படித்து மேலே வரப்போகிற நாமும் இதை யோசிக்க வேண்டும்.

பிரைட்டனில் ஒழுகிய கூரை

1815இல் இளவரசர், பிரைட்டன் கடற்கரையில் இருந்த தன் மாளிகையை மாற்றிக் கட்டச் சொன்னார். நாஷ் அதை இந்திய பாணிக் கும்மட்டங்களும் மினார்களுமாக மாற்றிவிட்டார். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. டேனியல் என்ற ஓவியர்கள் நம் நாட்டைச் சுற்றி வரைந்த படங்கள் அப்போது லண்டனில் பிரபலம். அந்தக் கும்மட்டத்துக்குள்ளே இருப்பது கல் அல்ல, வார்ப்பிரும்புச் சட்டம். சமையலறைத் தூண்கள்கூட இரும்புதான். உச்சியில் செம்புத் தகட்டில் பனை ஓலை மாதிரி இலைகள். முதல் உலகப் போரில், 1914 முதல் 1916 வரை, காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு இந்த மாளிகையே ஆஸ்பத்திரியாக இருந்தது.

கூரையில்தான் தொல்லை வந்தது. டில் என்பவர் கண்டுபிடித்த மாஸ்டிக் என்ற பொருளை நாஷ் நம்பினார். தண்ணீரும் சிமெண்டும் இல்லாமல், ஆளிவிதை எண்ணெயில் குழைத்த பூச்சு அது. தண்ணீரே புகாது என்று சொல்லி விற்றார்கள். அதைக் கூரை மேல் பூசினார்கள். சில வருடத்திலேயே விரிசல் விட்டு, மாளிகை ஒழுக ஆரம்பித்தது. வெயிலில் விரிந்து குளிரில் சுருங்குகிற கூரைக்கு, விறைத்துப் போகிற பூச்சு ஈடுகொடுக்குமா?

நம் காலத்து ஸ்டக்கோ

இதைப் படித்தபோது எனக்கு இன்னொரு விஷயம் புரிந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியில் ஒரு புது முறை வந்தது. சுவருக்கு வெளியே தெர்மோகோல் அட்டைகளை ஒட்டி, மேலே கண்ணாடி நார் வலையைப் பதித்து ஒரு மெல்லிய அடிப்பூச்சு, அதற்கு மேல் அக்ரிலிக் கலந்த நிறப்பூச்சு. பார்வைக்கு அசல் ஸ்டக்கோ. குளிர் உள்ளே வராது, வீட்டுச் சூடு வெளியே போகாது. 1969இல் இது அமெரிக்காவுக்கும் போனது. ஜெர்மனியில் பெரும்பாலும் கனமான செங்கல், கான்கிரீட் சுவர் மேல் ஒட்டினார்கள். அமெரிக்காவிலோ மரச்சட்ட வீடுகளின் மேல் ஒட்டினார்கள்.

1990களின் நடுவில் வட கரோலினா மாநிலத்து வில்மிங்டன் நகரில் புது வீடுகளைத் திறந்து பார்த்தபோது உள்ளே மரம் உளுத்துக் கிடந்தது. பூச்சு நன்றாகத்தான் இருந்தது! ஜன்னல் ஓரங்களிலும் இணைப்புகளிலும் புகுந்த மழைத்தண்ணீர், திரும்பி வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிட்டது. அதன் பிறகுதான் அட்டைக்குப் பின்னால் தண்ணீர் வடிய இடைவெளி விடும் முறையைக் கட்டாயமாக்கத் தொடங்கினார்கள்.

நாஷின் மாஸ்டிக்குக்கும் இதற்கும் இடையே 180 வருடம். பாடம் ஒன்றுதான். தண்ணீர் வராது என்று நம்பிக் கட்டக்கூடாது. வந்தால் எப்படிப் போகும் என்று யோசித்துக் கட்ட வேண்டும்.

அரண்மனையும் அவமானமும்

இளவரசர் 1820இல் நான்காம் ஜார்ஜ் மன்னரானார். 1825இல் பக்கிங்ஹாம் மாளிகையை அரண்மனையாக மாற்றும் வேலை நாஷிடம் வந்தது. வயசு 73. ஆரம்ப எஸ்டிமேட் சுமார் இரண்டரை லட்சம் பவுன். கட்டிய பக்கக்கட்டடங்கள் பார்க்க நன்றாக இல்லை என்று அவரே இடித்துத் திரும்பக் கட்டினார். செலவு ஏறிக்கொண்டே போய், கடைசியில் ஆறு லட்சத்தைத் தாண்டியது.

எதிரிகளுக்கு அது போதுமே! ஏற்கெனவே 1824இல், லாங்ஹாம் பிளேசில் அவர் கட்டிய ஆல் சோல்ஸ் சர்ச்சின் ஊசிக் கோபுரத்தில் அவரையே குத்தி வைத்த மாதிரி கேலிச்சித்திரம் வெளியானது. சர்க்கார் நிலக் குத்தகையில் முறைகேடு செய்தார் என்று குற்றச்சாட்டு எழுந்தது. 1829இல் நாடாளுமன்றக் குழு விசாரித்து அவர் மேல் தப்பில்லை என்றது. ஆனால் 1830இல் மன்னர் இறந்தார். பாதுகாக்க ஆள் இல்லை. அரண்மனை வேலையிலிருந்து நாஷ் நீக்கப்பட்டார். 1831இல் மறுபடி விசாரணை. இரும்பு உத்தரங்கள் பாரம் தாங்குமா என்றுகூடக் கேட்டார்கள். அவர் வரைந்த மார்பிள் ஆர்ச் வளைவும் பிற்பாடு 1851இல் அரண்மனை வாசலிலிருந்து பெயர்த்து வேறு இடத்தில் வைக்கப்பட்டது. மன்னர் அவருக்குப் பட்டம் கொடுக்க விரும்பியும் கடைசி வரை கிடைக்கவில்லை.

நாஷ் வைட் தீவுக் கோட்டைக்குத் திரும்பினார். 1835 மே 13 அன்று, 83ஆம் வயதில் அங்கேயே காலமானார். கடன் பாக்கி இருந்தது. மனைவி மேரி ஆன் வீட்டுச் சாமான்களை விற்றுத்தான் அடைத்தார். திவாலில் தொடங்கிய தொழில் வாழ்க்கை கடனிலேயே முடிந்தது.

இன்று என்ன மிச்சம்?

அவர் கோட்டை இன்று இல்லை. குவாட்ரண்டில் வரிசையாக நின்ற இரும்புத் தூண்களை 1848லேயே எடுத்துவிட்டார்கள். ரீஜண்ட் தெருவின் பழைய கட்டடங்களை 1895 முதல் 1927 வரை இடித்துக் கல் கட்டடங்களாக எழுப்பினார்கள். வளைவு மட்டும் அவருடையது.

ரீஜண்ட்ஸ் பார்க் வரிசை வீடுகளின் கதைதான் அதிசயம். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சாலும் கவனிப்பு இல்லாததாலும் அவை சீரழிந்தன. திறந்து பார்த்தால் உள்ளே அவசரக் கட்டுமானம், உளுத்த மரம். இடிக்கலாமா என்று யோசித்தார்கள். 1947இல் ஒரு குழு, காப்பாற்ற வேண்டும் என்றது. பல வீடுகளில் முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு பின்பக்கத்தைப் புதிதாகக் கட்டினார்கள். பார்க் கிரசண்ட்டில் முகப்பையே அதே அச்சில் திரும்பச் செய்தார்கள். உள்ளே இருந்த சுவர் போய்விட்டது. வெளியே இருந்த தோற்றம் நிலைத்துவிட்டது!

இதை நாஷின் வெற்றி என்பதா, தோல்வி என்பதா? நான் இரண்டும்தான் என்பேன். சாதாரணச் செங்கல்லைக் கொண்டு ஒரு நகரத்துக்கே அழகு கொடுக்கலாம் என்று காட்டியது வெற்றி. அந்த அழகுக்குப் பின்னால் இருந்த சுவரை அவசரக்கார காண்டிராக்டர்களின் பொறுப்பில் விட்டது தோல்வி. முகப்புப் படம் வரைந்த கை, உள்சுவரையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்திருக்கலாம்.

நண்பர்களே, இன்னும் சில மாதங்களில் நாம் சைட்டுக்குப் போகப் போகிறோம். நம்மில் பலர் சூப்பர்வைசர் ஆவோம். பூச்சு முடிந்த சுவரைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை நமக்குத்தான் வரும். அதற்கு முந்தின நாளே, சுவர் வெறும் செங்கல்லாக நிற்கும்போது, ஒருமுறை போய்ப் பார்ப்போம். தூக்குக்குண்டு விடுகிற கொத்தனாரிடம் நாலு வார்த்தை கேட்போம். ஜன்னல் ஓரத்துத் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்ப்போம். 31 வயசில் விழுந்து 59 வயசில் எழுந்த நாஷின் துணிச்சலையும் எடுத்துக்கொள்வோம். அவர் பார்க்காமல் விட்டதையும் பார்ப்போம்.

இறுதியாண்டுத் தேர்வு எழுதும் அனைவருக்கும் என் வாழ்த்துகள்.